அவள் கேமராவில் என் லென்ஸ்

நல்ல படத்துக்கு கேமரா பாடி முக்கியமா, லென்ஸ் முக்கியமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பேச்செடுத்தவர் மேல் கோபம் இல்லை. என் தங்கச்சி மேல்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான்களைப் படம் பிடிப்பது என் தொழில். கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் இருக்கிறார்கள். பீங்கானை எடுக்க நான் ஒருத்திதான் இருந்தேன். அது லேசுப்பட்ட வேலை இல்லை. பீங்கான் பொம்மை வெள்ளையாக இருக்கும், மேலே பூசிய கிளேஸ் கண்ணாடி மாதிரி பளபளவென்று மின்னும். ஜன்னல், மின்விசிறி, டியூப்லைட், கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் மூஞ்சி, எல்லாம் பொம்மையின் வயிற்றில் தெரியும். இதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வீட்டுக்காரரின் பழைய வெள்ளை வேட்டியை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிவிடுவேன். வெளிச்சம் அதில் வடிந்து மெத்தென்று வரும். ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். காற்றில் கதவு அடித்து வேட்டி ஆடாமல் இருக்க, ஒரு பழைய பிளாஸ்டர் அச்சைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பேன். பொம்மை யூனிட்டில் இனி உதவாது என்று தூக்கிப் போடுகிற அச்சுகள் அவை. எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதவுக்கு அதுதான் முட்டு.

என் கேமரா பாடி பழசு. சின்ன சென்சார். ஆனால் லென்ஸ் அப்படி இல்லை. கல்யாணத்துக்குப் போட்ட செயினை விற்று வாங்கிய மேக்ரோ லென்ஸ். கிட்டப் போய் எடுத்தால் எறும்பின் கால் முடி தெரியும். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்துவிடக் கூடாது என்று அதை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, அந்த டின்னைப் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதைத் தொடக்கூட பயப்படுவார்.

தங்கச்சியை ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சின்ன வயசில் என் பாவாடை சட்டை, என் ஸ்கூல் பை, என் சைக்கிள், எல்லாம் எனக்குப் போதாமல் போனதும் அவளுக்குப் போகும். அதைச் சொல்லிச் சொல்லியே அழுவாள். பிறகு அவளுக்கு நல்ல காலம் வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் லீவில் வந்தபோது அவளுக்கு ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வந்தார். பொழுதுபோக்குக்காம். அவள் என்னுடன் வந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் எடுப்பதைப் பார்த்து, ஏதோ கொஞ்சம் கற்றுக்கொண்டவள். அவ்வளவுதான்.

கேமராவை எடுத்துக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். பையைப் பிரித்து என் மடியில் வைத்தாள்.

"ஃபுல் ஃபிரேம்க்கா. உன்னுது மாதிரி சின்ன சென்சார் இல்ல."

உன்னுது மாதிரி என்று அவள் சொல்லியிருக்க வேண்டாம். நான் அதைக் கையில் எடுத்தேன். பிடி கைக்குள் அப்படிப் பொருந்தியது. கண்ணை வைத்துப் பார்த்தால் எங்கள் இருட்டு அடுப்படி பகல் மாதிரி தெரிந்தது. ஷட்டர் சத்தம்கூட மரியாதையாக இருந்தது. என்னுடையது சட்டியைப் போட்டு உடைத்த மாதிரி கத்தும். பொறாமை என்று ஒன்று உடம்பில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே இருக்கிறது.

திருப்பிப் பார்த்தேன். முன்னால் மாட்டியிருந்தது கூடவே வந்த கிட் லென்ஸ். எனக்கு மூச்சு வந்தது.

"பாடி இன்னாடி பாடி. கண்ணாடிதான் முக்கியம். இந்த லென்ஸ வச்சிகிட்டு நீ முறுக்குத் தட்டத்தான் எடுக்கலாம்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டைப் படம் எடுத்தாள். படம் நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் வைத்திருக்கும் ஒரு முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்கு நான்தான் எப்போதும் எடுத்துக் கொடுப்பேன். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள் அவருடைய பொம்மைகள் எல்லாவற்றையும் ஆன்லைனில் விற்கப் போகிறார்களாம். வருஷம் முழுக்கப் படம் எடுக்கிற வேலை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேலை மட்டும் கையில் இருந்தால் மற்ற யூனிட்டுகளும் என்னைத் தேடி வரும். அன்றைக்குப் பார்த்துத் தங்கச்சி ஊரிலிருந்து வந்திருந்தாள். வேட்டி பிடிக்க ஆளாச்சு என்று கூட்டிக்கொண்டு போனேன். என் போதாத காலம், அவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் கழுத்தைப் பார்த்தார்.

"பெரிய கேமராவா இருக்குதே. நீங்களும் எடுப்பீங்களா?"

"எடுப்பேங்க" என்றாள் தங்கச்சி. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

அவர் தாடையைத் தடவினார். "அப்போ ஒண்ணு பண்ணுவோம். ரெண்டு பேரும் ஒரே பொம்மைய எடுத்துக் குடுங்க. சென்னைக்காரங்களுக்கு அனுப்பிடுறேன். அவங்க எதச் சொல்றாங்களோ அவங்களுக்கு வேல. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

ரெண்டு பேரும் ஒண்ணா? நான் எத்தனை வருஷமாக இவர் பொம்மைகளோடு மல்லுக்கட்டுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் அலமாரியிலிருந்து வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன் பொம்மையை எடுத்தார். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வைக்கோல் வைத்துப் பேப்பரில் சுற்றித் தங்கச்சியிடம் கொடுத்தார். கீழ்த் தட்டில் இருந்த இன்னொன்றைப் பார்க்காமலே சுற்றி என்னிடம் நீட்டினார்.

"அக்கா கையில எதக் குடுத்தாலும் அழகா எடுத்துடுவாங்க. நீங்க புதுசு, இத எடுத்துகிட்டுப் போங்க" என்று தங்கச்சியிடம் சொன்னார்.

எனக்கு வாயெல்லாம் பல். அவள் எதிரில் என்னை இப்படிச் சொன்னாரே என்று வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

என் கிருஷ்ணனை நான் எடுத்த மாதிரி யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். வேட்டியைத் துவைத்துக் கட்டினேன். கேமராவை டிரைபாடில் வைத்து, கை அதிராமல் இருக்க டைமரில் விட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எடுத்தேன். சுருட்டை முடி, மயில் பீலி, காலில் கொலுசு. ஸ்கிரீனில் பார்த்தபோது வெள்ளை அவ்வளவு சுத்தமாக இருந்தது. அனுப்பிவிட்டுச் சாமிக்கு ஒரு விளக்கும் ஏற்றினேன்.

அந்த வாரமே முதலாளி போன் செய்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. சென்னைக்காரங்க தங்கச்சி படம்தான் வேணுங்கறாங்க. கொலுசு மணிகூட தனித்தனியா தெரியுதாம். ஒங்க படத்துல கொஞ்சம் மழுங்கலா இருக்குதாம்."

மழுங்கல். என் லென்ஸில் மழுங்கல். போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

தங்கச்சியிடம் அவள் படத்தின் ஒரிஜினல் ஃபைலைக் கேட்டேன். உடனே அனுப்பினாள். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் படத்தையும் அவள் படத்தையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பெரிசாக்கிப் பார்த்தேன். அவள் கிருஷ்ணனின் கொலுசில் ஒவ்வொரு மணியும் உருண்டு திரண்டு நின்றது. மயில் பீலியில் கோடு கோடாக இழை. புருவம் கத்தியால் கீறிய மாதிரி. என் கிருஷ்ணனின் கொலுசு மணிகள் குழைந்துபோன சேமியா மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. அதுவும் அவள் எடுத்தது கிட் லென்ஸில். முறுக்குத் தட்டு எடுக்கத்தான் லாயக்கு என்று நான் சொன்ன அதே லென்ஸில்.

அப்படியானால் பாடிதான். வேறு என்ன இருக்கிறது? மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு உட்கார்ந்து யூடியூபில் ஒருவர் விடாமல் கேட்டேன். நல்ல லென்ஸை சின்ன சென்சாரில் மாட்டினால் லென்ஸின் முழுப் பலனும் வராது என்றார் ஒருவர். சுமாரான லென்ஸைப் பெரிய சென்சாரில் மாட்டினாலும் ஓரமெல்லாம் கலங்கும் என்றார் இன்னொருவர். காசு இருந்தால் முதலில் லென்ஸ் வாங்கு, பாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மற்றொருவர். அவர் சொன்னபடிதான் நான் செய்தேன், எனக்கு என்ன கிடைத்தது? எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பெரிய சென்சார் பாடியில் நல்ல மேக்ரோ லென்ஸ் உட்கார்ந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. அதாவது அவள் பாடியும் என் லென்ஸும். இரண்டும் ஒரே கம்பெனி. நடுவில் ஒரு வளையம் வாங்கிப் போட்டால் அழகாகப் பொருந்தும்.

இதை நான் கண்டுபிடித்ததற்கு மறுநாளே அவளும் போனில் அதையே சொன்னாள்.

"வேணும்னா என் கேமராவ எடுத்துகிட்டுப் போக்கா. உன் லென்ஸப் போட்டு அந்தப் பொம்மைய இன்னொரு வாட்டி எடு. அவருகிட்ட நான் பேசுறேன்."

"ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"ஏன்க்கா?"

"எனக்கு வேல இருக்குது."

அவள் கேமராவில் எடுத்தால் அது அவள் படம் ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் அவள் பேசி, அவள் விட்டுக்கொடுத்து, அதை நான் வாங்கிக்கொள்வதா? என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் சூப்பர்வைசர். கேமராவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"ரெண்டு பேரும் ஒரே வூட்ல பொறந்தவங்கதான. சேத்துப் போட்டு எடுக்கறதுல இன்னா கஷ்டம்?" என்றார்.

"உங்க வேலை எதுவோ அதப் பாருங்க" என்றேன். அவர் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

நான் முடிவெடுத்துவிட்டேன். அவளிடம் என்ன இருக்கிறதோ அதே எனக்கும் வேண்டும். அதே பாடி, அதே கிட் லென்ஸ். அதை வைத்து அதே கிருஷ்ணனை எடுத்து, மணி மணியாகக் கொலுசு தெரிகிற படத்தை முதலாளியிடம் கொண்டுபோய்ப் போட வேண்டும். பாண்டிச்சேரியில் பழைய கேமரா விற்கும் கடையில் அந்த பாடி கிட் லென்ஸோடு இருந்தது. அதை வாங்க வேண்டுமானால் என் லென்ஸை விற்க வேண்டும். வேறு வழி இல்லை. மேக்ரோ லென்ஸ் கையில் இருந்தும் தோற்றுப்போனவளுக்கு அது இருந்தால் என்ன, போனால் என்ன?

என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்காது. எப்படியோ தங்கச்சிக்குச் செய்தி போய்விட்டது.

"வெளிய குடுக்காதக்கா. கடைக்காரன் அடிமாட்டு விலைக்குக் கேப்பான். எனக்கே குடு."

கடைக்காரர் சொன்னதைவிட அதிகமாகவே கொடுத்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வந்து, பீரோவிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சின்ன வயசில் என் பாவாடையை வாங்கியபோது இவ்வளவு ஆசையாக அவள் வாங்கியதில்லை. வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் ஏறியவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தாள்.

நான் பாண்டிச்சேரி போய்ப் புது பாடியை வாங்கிக்கொண்டு வந்தேன். புதுசு என்றால் எனக்குப் புதுசு. பஸ்ஸில் வரும்போது பையைத் திறந்து திறந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வேட்டியைக் கட்டினேன், கதவுக்கு அச்சை முட்டுக் கொடுத்தேன், கிருஷ்ணனை மேஜை மேல் வைத்தேன். ஷட்டர் மரியாதையாக அடித்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிசாக்கினேன்.

கொலுசு மணி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. புருவம் மழுங்கல். மயில் பீலியில் ஒரு இழைகூட இல்லை.

மறுபடி எடுத்தேன். வெளிச்சத்தை மாற்றி எடுத்தேன். ஜன்னல் பக்கம் வைத்து எடுத்தேன், மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் எடுத்தேன். அதே சேமியா. அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் யூடியூபில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் லென்ஸ் என்றாலும் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் வருமாம். ஒன்று கூர்மையாக அமையும், ஒன்று மொண்ணையாக அமையும். யாருக்கு எது வாய்க்கிறதோ அது அவரவர் அதிர்ஷ்டம். அப்படிச் சொல்லு என்று நினைத்துக்கொண்டேன். கிட் லென்ஸில்கூட நல்ல பீஸ் அவளுக்கு, மொண்ணை பீஸ் எனக்கு. கொடுத்து வைத்தவள்.

அவள் கிட் லென்ஸை வாங்கி என் பாடியில் மாட்டி எடுத்துப் பார்த்துவிட வேண்டியதுதான். என்னுடையது மொண்ணை என்று உறுதியானால் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினேன்.

தங்கச்சி வாசலிலேயே நின்றாள். "வாக்கா. வரேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா" என்று கையிலிருந்த பையை வாங்கினாள். கூடத்தில் அவள் கேமரா இருந்தது. அதில் என் லென்ஸ் மாட்டியிருந்தது. நடுவில் அந்த வளையம். அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கிட் லென்ஸ் எங்கே என்று கேட்டேன்.

"அது எதுக்குக்கா இனிமே? அலமாரியில கெடக்குது. நீ வேணும்னா வச்சிக்கோ."

எடுத்து வரப் போனாள். எதையாவது வைத்துச் சோதிக்க வேண்டுமே என்று டிவிக்குப் பக்கத்தில் ஷோகேஸைப் பார்த்தேன். அவளுடைய கிருஷ்ணன் அங்கே உட்கார்ந்திருந்தது. பேப்பரும் வைக்கோலும் இல்லாமல் அதை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். கண்ணாடியைத் தள்ளி அதைக் கையில் எடுத்தேன். விழுந்துவிடாமல் காலைச் சேர்த்துப் பிடித்தேன்.

கட்டை விரலில் கொலுசு உறுத்தியது.

விரலை நகர்த்தினேன். மணி மணியாகத் தட்டுப்பட்டது. புருவத்தைத் தடவினேன், விளிம்பு விரலில் பட்டது. மயில் பீலியின் இழைகளை நகத்தால் எண்ணிவிடலாம் போலிருந்தது. என் வீட்டுக் கிருஷ்ணனின் காலை எத்தனை முறை பிடித்துத் தூக்கி வைத்திருக்கிறேன். தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும். ஒரு நாளும் அது எனக்கு உறைக்கவில்லை. நான் கேமராவில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டர் அச்சில் மண் கரைசலை ஊற்றி ஊற்றித்தான் எங்கள் ஊரில் பொம்மை வார்ப்பார்கள். புது அச்சில் வார்ப்பது எல்லாம் கூர்மையாக இருக்கும். வார்க்க வார்க்க அச்சின் உள்பக்கம் தேயும். தேய்ந்த அச்சில் பிறந்த பொம்மைக்கு மூக்கும் முழியும் மழுங்கிப் போகும். அப்புறம் அந்த அச்சைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். என் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதே அப்படித் தேய்ந்துபோன ஒரு அச்சுதான். அதைக் காலால் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் நான் சென்சாரையும் லென்ஸையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா கையில எதக் குடுத்தாலும் அழகா எடுத்துடுவாங்க. முதலாளி அன்றைக்கு வஞ்சம் எதுவும் நினைக்கவில்லை. புதுசாக எடுக்கிறவளுக்குப் புது அச்சில் வார்த்ததைப் பார்த்துக் கொடுத்தார். என் மேல் இருந்த நம்பிக்கையில் கீழ்த் தட்டில் கிடந்ததை என்னிடம் தள்ளினார். அதைக் கேட்டுத்தான் நான் பல்லைக் காட்டினேன். என் லென்ஸ் பொய் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி எடுத்தது. அதைத்தான் நான் டின்னோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

"அக்கா, அசையாத. அப்டியே இரு."

திரும்பவில்லை. ஷட்டர் சத்தம் கேட்டது. தங்கச்சி கேமராவை இறக்கி, பின்பக்கத்து ஸ்கிரீனைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"இங்க வா. உன் லென்ஸு இன்னா வேல பண்ணியிருக்குது பாரு."

பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். கையில் கிருஷ்ணன். கண்ணிமை முடி ஒவ்வொன்றாக, கண்ணோரம் தளும்பி நிற்கிற தண்ணீர், கடித்துக்கொண்டிருக்கும் கீழுதடு, கழுத்தில் புடைத்த நரம்பு. என் பொறாமை முழுக்க அந்த மூஞ்சியில் இருந்தது. ஒரு மழுங்கல் இல்லை. நான் எடுத்த எந்தப் படமும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

"அழிச்சிடுடி" என்றேன்.

"ஏன்க்கா? சாமிய எவ்ளோ ஆசையா பாத்துகிட்டு நிக்கிற. இதப் போயி அழிக்கச் சொல்ற." அங்கேயே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள்.

பொம்மையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சாம்பார் ஊற்றினாள், சாப்பிட்டேன். லென்ஸைத் திருப்பிக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே கழற்றிக் கொடுத்திருப்பாள். அதனாலேயே கேட்கவில்லை. அலமாரியில் கிடந்த கிட் லென்ஸையும் வேண்டாம் என்றுவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் முதலாளியிடம் போய் இரண்டு பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் நல்லவர், ஒத்துக்கொள்வார். ஆனால் இன்னொரு முறை போட்டி வைத்தால்? அவளிடம் இப்போது அவள் பாடியும் இருக்கிறது, என் லென்ஸும் இருக்கிறது. எந்த அச்சில் வார்த்த பொம்மையைக் கொடுத்தாலும் நான் ஜெயிக்க முடியாது. போகவில்லை. வேலை இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு அவள் கட்டுவது வெள்ளைப் பெட்ஷீட், ஆனால் என் வேட்டி யோசனைதான்.

அந்தப் படத்தை என் வீட்டுக்காரர் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டிவிட்டார். நான் எவ்வளவோ சண்டை போட்டும் கழற்ற மாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுகிறார்கள். எவ்வளவு தெளிவாக இருக்குது, யார் எடுத்தாங்க என்று கேட்கிறார்கள்.

"என் லென்ஸ்ல எடுத்தது" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போய்விடுவேன்.